பட்டாளத்துக் காகிதங்கள்: ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பட்டாளத்தில் இருந்தவர் காலமானதும் அவருடைய பதக்கங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடும், காகிதங்கள் பரணுக்குப் போய்விடும். பதக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. பரணில் கிடக்கும் காகிதத்தைக் கரையானும் உப்புக்காற்றும் ஒரு தலைமுறைக்குள் முடித்துவிடும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவு வரை, இது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் வேகமாகவே நடக்கிறது.

ஐயாவின் பெட்டியை இப்போதுதான் திறந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆவணக் காப்பகத்துக்குள் கால் வைத்திராதவர்களும் செய்யக்கூடிய வேலைதான். பெரிய செலவும் கிடையாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம் கெட்டுப்போவதற்கு முன்னால், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் போய்விடுகிறார்கள். எந்தக் காகிதம் யாருடையது, எதோடு சேர்ந்து இருந்தது என்று எழுதி வைப்பதுதான் முதல் வேலை. உறை, பெட்டி, ஸ்கேன் எல்லாம் அதற்கு அப்புறம்.

எதெல்லாம் சேர்த்தி

இந்தக் கரைக்கும் போருக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிட நெருக்கமானது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து உலகப் போர்களுக்குப் போனவர்கள் உண்டு. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன இடத்தில் போரில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டதும் கிளம்பி, காடும் மலையும் நடந்து 1942இல் ஊர் வந்து சேர்ந்தவர்கள், மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள், சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். சுதந்திரத்துக்கு அப்புறம் 1962, 1965, 1971, இலங்கைக்கு அமைதிப்படை போன 1987–90, கார்கில் நடந்த 1999. 1983க்குப் பிறகு படகேறி மண்டபம் முகாமுக்கு வந்த ஈழக் குடும்பங்களின் பைகளில் இருப்பதும் போர்க்காலக் காகிதம்தான்.

ஆகவே பெட்டிக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். கடிதம், தந்தி, டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், சம்பளப் புத்தகம், லீவுச் சீட்டு, ரயில் வாரண்ட், வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலத்து மலேயா நோட்டு, ஸ்டூடியோ போட்டோ, தியாகி பென்ஷன் மனுவின் கார்பன் நகல். மத்திய அரசின் அந்த பென்ஷன் திட்டம் 1972இல் தொடங்கி 1980இல் விரிவானது. அதற்காக மனுப் போட்டவர்கள் எந்தப் பிரிவில் இருந்தோம், எந்தச் சிறையில் இருந்தோம், கூட இருந்தவர் யார் என்று விவரமாக எழுத வேண்டியிருந்தது. மனு தள்ளுபடியான வீடுகளில்கூட அந்த நகல் கிடக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தள்ளுபடியான மனுவில் சில நேரம் கதை இன்னும் விரிவாக இருக்கும், திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள்.

நான் பார்த்த வரையில் மக்கள் முதலில் எறிவது மணியார்டர் கூப்பனைத்தான். துண்டுக் காகிதம், ஒரு தொகை, இரண்டு வரி. ஆனால் அந்த இரண்டு வரிக்குள்தான் குடும்பம் இருக்கிறது. ஆட்டை விற்காதே, தங்கச்சிக்கு வரன் பார்த்தது என்னாச்சு, மழை பெய்ததா. முத்திரையில் தேதி இருப்பதால், கடிதமே வராத மாதங்களில் ஆள் உயிரோடிருந்தார் என்பதற்கும் அதுவே சாட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். களத்தில் இருந்தவர் இடம் மாறிக்கொண்டே இருப்பார், வீட்டிலிருந்து போன கடிதங்களை அவரால் சேர்த்து வைக்க முடிந்திருக்காது. அதனால் பெரும்பாலும் அவர் எழுதியது மட்டும் மிஞ்சும். வீட்டில் இருந்தவள் என்ன எழுதினாள் என்பது போய்விடும். அவள் பக்கத்தைச் சொல்ல மிச்சமிருப்பது அடகு ரசீது, ரேஷன் கார்டு, கணக்கு நோட்டு, கலெக்டருக்கு யாரையோ வைத்து எழுதிய மனு இவைதான். இவற்றைக் ‘குடும்பக் காகிதம்’ என்று தனியாக ஒதுக்காமல் பட்டாளத்துக் காகிதத்தோடேயே வையுங்கள்.

பெட்டியைத் திறக்கும் நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் திறக்க வேண்டாம். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை ஏதாவது ஒரு காய்ந்த நாள், வெயில் ஏறிய பிறகு, மின்விசிறியை அணைத்துவிட்டு, பெரிய பாய் விரித்து, அதன் மேல் துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளை வேட்டியை விரித்து உட்காருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும், காகிதத்தைத் தொடக் கையுறை மாட்ட வேண்டியதில்லை. கையுறை மாட்டினால் விரலுக்கு உணர்வு போய் ஓரம் கிழிவதுதான் மிச்சம். புகைப்படத்தையும் பதக்கத்தையும் தொடும்போது மட்டும் கையுறை நல்லது. பூஞ்சை வாடை அடித்தால் முகக்கவசம் கட்டாயம். வெற்றிலை, தேத்தண்ணி எல்லாம் எழுந்து போய்.

பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காதீர்கள். மேலே இருந்தபடியே ஒரு படம் எடுங்கள். ஒரு அடுக்கு எடுத்த பிறகு இன்னொரு படம். எந்தக் கட்டு எதன் மேல் இருந்தது, எந்தக் கடிதம் எந்தப் புத்தகத்துக்குள் இருந்தது என்பதெல்லாம் தகவல். வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது காப்பகக்காரர்களின் முதல் விதி. தேதி வாரியாக அடுக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். பட்டியலில் அடுக்கிக்கொள்ளலாம், காகிதத்தை அடுக்க வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் கடிதங்களைக் கொக்கிக் கம்பியில் குத்தி மாட்டியிருப்பார்கள். அடியில் ஒரு மரக்கட்டையோ தகரமோ இருக்கும், மேலே வளைந்த கம்பி. இதை எடுத்தவுடன் எல்லோரும் செய்வது, மேலிருந்து ஒவ்வொன்றாக உருவுவது. அப்படி உருவினால் துருப்பிடித்த கம்பி ஒவ்வொரு கடிதத்தின் நடுவையும் கிழித்துக்கொண்டுதான் வரும். அந்த ஓட்டையைச் சுற்றி இருக்கும் பழுப்பு வட்டம் துரு தின்ற இடம், தொட்டாலே பொடியும். கட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மேல் வளைவைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுங்கள். அப்புறம் கம்பியில் வெளியே தெரியும் பகுதியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துருத்தூளைத் தூரிகையால் தள்ளிவிட்டு, நாலைந்து கடிதங்களாக, இரண்டு கையாலும் அடியில் தாங்கி, நேராக மேலே தூக்குங்கள். சாய்க்கக் கூடாது. குத்தி வைத்த வரிசையே வந்து சேர்ந்த வரிசை: அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது கடைசியாக வந்தது. தேதி போடாத கடிதத்துக்கு மேலும் கீழும் இருக்கும் கடிதங்களின் முத்திரையை வைத்து மாதத்தைச் சொல்லிவிடலாம். எடுத்து முடித்ததும் கம்பியைத் தூக்கிப் போடலாம், ஆனால் அதற்கு முன் வரிசை எண்ணை எழுதியாக வேண்டும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடல் காற்றில் இவைதான் முதலில் துருவாகும். ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பாதீர்கள், பின்பக்கக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு உருவுங்கள். பின் குத்தியிருந்த தாள்கள் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு வெள்ளைத்தாளை மடித்து உறைபோலச் செய்து அதற்குள் வைத்துவிடலாம்.

யார், எப்போது, எங்கே

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். போட்டோவைக் கையில் கொடுத்து, போனில் ஒலிப்பதிவை வைத்துவிட்டு, கேளுங்கள். “அப்பத்தா, உங்க வீட்டுக்காரரு எந்த ரெஜிமெண்ட்டு?” என்று கேட்டால் “எனக்கு என்னய்யா தெரியும்” என்று முடிந்துவிடும். “இந்த போட்டோவுல ஐயா பக்கத்துல நிக்கிறது யாரு, நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், ஊர், உறவு, பொண்ணு கட்டிய இடம் வரைக்கும் வரும். கடிதத்தை வாசித்துக் காட்டுவது இன்னும் நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத பல பெண்களுக்கு அந்தக் கடிதம் வந்த அன்று இன்னொருவர்தான் வாசித்தார். யார் வாசித்தார், யார் பதில் எழுதிக் கொடுத்தார் என்றும் கேட்டு வையுங்கள்.

தேதி கண்டுபிடிப்பது தனி வித்தை. தமிழ் வருடம் மட்டும் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். விஷு 1941 ஏப்ரலில் தொடங்குகிறது, அடுத்தடுத்து சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப. பார்த்திப 1945 ஏப்ரலில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி வந்தால் ஆங்கில வருடத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ‘தாரண வருஷம் தை’ என்றால் 1945 ஜனவரி–பிப்ரவரி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வீடுகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி 1362 ஏறக்குறைய 1943ஆம் வருடம். அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் அங்கே கிடைக்கும். எழுத்து அரபு என்பதால் வேத வசனம் என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், வாசிக்கத் தெரிந்த பெரியவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஜப்பான் பிடித்திருந்த மலேயா, சிங்கப்பூர்க் காகிதங்களில் 2602, 2603 என்று விசித்திரமாக ஒரு வருடம் இருக்கும். அது ஜப்பானியர் கணக்கு, 2603 என்றால் 1943. ‘சியோனான்’ என்று ஊர்ப்பெயர் வந்தால் அது சிங்கப்பூர்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கடிதங்களில் ஊர்ப்பெயரே இருக்காது. ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்றுதான் இருக்கும். ராணுவத் தபால் முகவரி அப்படித்தான், ஆள் இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. அதனால் உறையையும் கடிதத்தையும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். சர்வீஸ் எண்ணும் பிரிவின் பெயரும் பெரும்பாலும் உறையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். தபால்தலை சேகரிக்கிறேன் என்று உறையை நறுக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

புகைப்படத்தின் பின்பக்கம் பாருங்கள். ரங்கூன், பினாங்கு, பெங்களூர் என்று ஸ்டூடியோ முத்திரை இருந்தால் பாதி விவரம் கிடைத்த மாதிரி. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பது உண்டு. லென்ஸ் வைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம், துலக்கத் துலக்க அந்த எழுத்துதான் தேயும்.

எண் போடுவதும் பட்டியலும்

மென்மையான 2பி பென்சில், நீளமான கணக்கு நோட்டு. இவ்வளவுதான் சாமான். ஒவ்வொரு காகிதத்தின் பின்பக்கக் கீழ் மூலையில், சின்னதாக, அழுத்தாமல் எண் போடுங்கள். பெட்டி 1, கட்டு 2, ஏழாவது காகிதம் என்றால் ‘1-2-7’. பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது, மை மறுபக்கம் ஊறும். புகைப்படத்தில் பென்சிலும் பதியாது என்றால் அதை வைக்கும் உறையில் எழுதுங்கள். உறைக்குள் போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், போட்ட பிறகு எழுதினால் படத்தில் தடம் விழும்.

நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எண், என்ன காகிதம், யார் யாருக்கு, தேதி, எழுதிய இடம், மொழி, நிலைமை, சொன்னவர். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ‘1-2-7, மணியார்டர் கூப்பன், மூத்த மகன் தாயாருக்கு, முத்திரை 1944 மார்ச், ஊர் தெரியவில்லை, தமிழ், ஓரம் பூச்சி அரித்தது, சின்ன மகள் சொன்னது’ என்று இருந்தால் போதும். ஊகமாகத் தெரிவதைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள். பின்னால் வருகிறவருக்கு ஊகம் எது, தெரிந்தது எது என்று பிரித்துத் தெரிய வேண்டும்.

நல்லெண்ணத்தில் நடக்கும் நாசங்கள்

லேமினேஷன். இதைவிடப் பெரிய எதிரி இல்லை. சூடும் பசையும் காகிதத்துக்குள் இறங்கிவிடும், திரும்பப் பிரிக்க முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை லேமினேட் செய்யாத வீடு நம் பக்கம் குறைவு. செய்ததைச் செய்ததாகவே விடுங்கள், இனிமேல் வேண்டாம். கிழிந்த இடத்தில் செலோடேப்பும் ஒட்டக் கூடாது. சில வருடத்தில் டேப் உதிர்ந்து, மஞ்சள் கறை மட்டும் நிற்கும். ஜெராக்ஸ் கடையில் தாள் தானாக உள்ளே இழுக்கும் இயந்திரத்தில் பழைய கடிதத்தைக் கொடுக்காதீர்கள். சுருக்கம் எடுக்க இஸ்திரி போடாதீர்கள். அந்தக் காலத்துக் கடிதங்கள் பல காப்பியிங் பென்சிலால் எழுதியவை. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி இருக்கும், ஈரம் பட்டதும் ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும்.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் போட்டோவில் சந்தனம், குங்குமம் கண்ணாடி மேல்தான் இருக்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். கண்ணாடியோடேயே படம் எடுத்து வைத்துக்கொண்டு, வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள்.

உப்புக்காற்றில் எங்கே வைப்பது

புத்தகங்களில் 50 சதவீத ஈரப்பதம், குளிரூட்டிய அறை என்று போட்டிருப்பார்கள். பாம்பனில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் ஊரில் மழைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். காற்றில் இருக்கும் உப்பு காகிதத்தில் படிந்து இன்னும் ஈரத்தை இழுக்கும். அறையை மாற்ற முடியாது, காகிதத்தைச் சுற்றியிருக்கும் நாலு அங்குலத்தை மாற்றலாம்.

ஒவ்வொரு கட்டையும் வெள்ளைத்தாளில், முடிந்தால் பருத்தியில் செய்த கைத்தாளில் சுற்றுங்கள். செய்தித்தாளும் காக்கித்தாளும் அமிலம், வேண்டாம். அதன் மேல் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி. அதை அட்டைப் பெட்டியில் போட்டு மர அலமாரியிலோ பீரோவிலோ நடுத்தட்டில் வையுங்கள். பரண் வேண்டாம், ஓட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் சூடு தாங்காது. வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், தரையிலும் வேண்டாம். பழைய டிரங்குப் பெட்டிக்குள் ராத்திரிக் குளிரில் தகரம் வியர்க்கும். பெட்டி ஞாபகார்த்தமாக இருக்கட்டும், காகிதம் அதற்குள் இருக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை வாங்கினால் முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாடை அடித்தால் அது பி.வி.சி., காகிதத்துக்கு ஆகாது. பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் உறைகள் பரவாயில்லை, ஆனால் வாயை மூடி ஒட்டிவிடாதீர்கள், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். அந்துருண்டையைக் காகிதத்தோடு போடும் பழக்கத்தை விட்டுவிடலாம், அது புகைப்படத்துக்கும் நல்லதல்ல, மூச்சுக்கும் நல்லதல்ல. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பெரியவர்கள் ஏடுகளுக்குப் போட்டவை. போடுவதானால் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வையுங்கள், காகிதத்தில் பட வேண்டாம், மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் உண்மையான மருந்து, மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பதுதான். யாரும் தொடாத பெட்டியில்தான் அவை குடியேறும்.

நனைந்துவிட்டால்

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது வீடுகளோடு எத்தனை பெட்டிகள் போயின என்று யாருக்கும் கணக்கில்லை. அந்த அளவுக்கு வேண்டாம், ஓடு ஒழுகினாலே போதும். நனைந்த காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். வெயிலில் போடாதீர்கள், முறுகிச் சாயம் போகும். நிழலில், துணி விரித்து, மேலே காற்று நேராகப் படாமல் மின்விசிறியைத் தள்ளி வைத்து, ஒற்றுத்தாளை மாற்றி மாற்றி வைத்து உலர்த்துங்கள். கட்டுக்கட்டாக நனைந்து கை கொள்ளவில்லை என்றால், சின்னச் சின்னக் கட்டுகளாகப் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் உறையவைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, பிறகு ஒவ்வொரு பையாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம். கடற்கரை ஊரில் ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் மீன் வைக்கும் பெட்டியில் வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிய படங்களையும் உறையவைக்காதீர்கள்.

படம் எடுப்பது

நல்ல போன் ஒன்று போதும். காலை நேரத்துத் திண்ணை, நேர் வெயில் விழாத இடம். கறுப்புத் துணி மேல் காகிதம், பக்கத்தில் எண் எழுதிய சின்னச் சீட்டு, ஒரு ஸ்கேல். போன் காகிதத்துக்கு நேர் மேலே, சாயாமல். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே ஒரு கண்ணாடித் தட்டோ மரச்சட்டமோ வைத்து அதில் போனை வைத்தால் கை ஆடாது. ஃப்ளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், வெறுமையாக இருந்தாலும் பின்பக்கம், உறை இரண்டு பக்கம். ஸ்கேனர் கிடைத்தால் கடிதத்துக்கு 300 டி.பி.ஐ., சின்னப் புகைப்படத்துக்கு 600.

கோப்பின் பெயர் நோட்டில் இருக்கும் அதே எண்ணாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் வீட்டில். மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பிரதிதான்.

அரசாங்கப் பக்கத்தில் தேடுவது

உங்கள் காகிதத்தில் எண்ணும் பிரிவும் கிடைத்துவிட்டால் வெளியேயும் தேடலாம். உலகப் போர்களில் படைப்பணியில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தகனம் செய்யப்பட்டவர்கள், உடல் கிடைக்காதவர்கள் பெயர்கள் பெரும்பாலும் நினைவுத் தூண்களில் இருக்கும். ரங்கூனுக்கு வெளியே தவுக்கியானில் இருக்கும் நினைவிடத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி ஏமாந்துவிடாதீர்கள், ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எண்ணால் தேடுங்கள், ஊருக்கு ‘ராம்நாடு’ என்றும் போட்டுப் பாருங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் இறந்தவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அவர்களைப் பற்றிய கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் கணக்குத் தொடங்கித் தேடலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர் என்றால் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் அதன் மையத்துக்கு எழுதலாம். எப்படி எழுதுவது என்று ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

காப்பகத்துக்குக் கொடுப்பதா, வேண்டாமா

எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு போன்றவற்றின் அசலை, மனைவியோ வாரிசோ அதன் பேரில் எதையாவது வாங்கிக்கொண்டிருக்கும் வரை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். முகாம் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, அகதிப் பதிவு, காணிப் பத்திரம் எல்லாம் நாளைக்கு ஊர் திரும்பவோ குடியுரிமை கேட்கவோ வேண்டியவை. நகல் மட்டும் கொடுங்கள். கடிதங்களில் இலங்கையில் இன்னும் இருக்கிறவர்களின் பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தை இணையத்தில் போடச் சம்மதிக்காதீர்கள். கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

மற்றக் காகிதங்களுக்கு இடம் தேடும்போது, கண்ணாடி அலமாரியில் வைத்துக் காட்டும் இடத்தைவிட, இருட்டறையில் பெட்டியில் வைத்துப் பட்டியல் போடும் இடம் நல்லது. ஊர்ப் பெருமைக்கு நினைவு மண்டபம் கட்டுகிறவர்களிடம் அசலைக் கொடுக்க எனக்கு மனம் வராது, நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தால் சுவரில் அதுவும் அழகாகத்தான் இருக்கும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பொருட்களைப் பாதுகாப்பதில் கைதேர்ந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியார் ஆவணங்களுக்கென்றே பிரிவு உண்டு. நேதாஜி படைக் காகிதம் என்றால் 1957 முதல் கொல்கத்தாவில் இயங்கும் நேதாஜி ஆய்வகத்தையும் கேட்கலாம். ஈழத் தமிழ் ஆவணங்களின் மின்பிரதிகளுக்கு நூலகம் நிறுவனம். முதலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நோட்டில் எழுதிய பட்டியலின் நகலையும் நாலு படங்களையும் அனுப்பி, எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பட்டியலோடு வரும் பெட்டியை எந்தக் காப்பகமும் மரியாதையாகப் பார்க்கும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. கொடுப்பது நிரந்தரக் கொடையா, பிரதி எடுத்துத் திருப்பித் தரும் இரவலா? யார் பார்க்கலாம், எத்தனை வருடம் மூடி வைக்க வேண்டும், இணையத்தில் போடலாமா, வேண்டாம் என்றால் காப்பகம் தூக்கிப் போடுமா, திருப்பித் தருமா? எண் வாரியாக எழுதிய ரசீது கட்டாயம். காகிதம் உங்கள் கையில் இருப்பதாலேயே அதன் பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. அது எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அதனால் சகோதர சகோதரிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன் பிறகு வந்து சண்டை போட்டால் காப்பகம் பெட்டியை மூடி வைத்துவிடும். அண்மைப் போர்களைச் சேர்ந்த வரைபடம், உத்தரவு, ரகசியம் என்று முத்திரை குத்திய தாள் கிடைத்தால் படம் எடுத்துப் பரப்பாதீர்கள், அது சட்டச் சிக்கல். அந்தப் பிரிவின் மையத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கொடுத்த பிறகும் பரணிலிருந்தோ அத்தை வீட்டு அலமாரியிலிருந்தோ இன்னொரு கட்டு வரும். புது நோட்டுத் தொடங்க வேண்டாம். பழைய நோட்டிலேயே, விட்ட எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று எழுதி, பழைய ரசீதின் எண்ணையும் குறிப்பிட்டு அதே காப்பகத்துக்கு அனுப்புங்கள். முதல் பெட்டியோடு சேர்த்துவிடுவார்கள்.